படகு மறைக்கும் ஜன்னல்

எங்கள் பக்கத்தில் யாராவது கப்பலில் உல்லாசப் பயணம் போக நினைத்தால், கடைசியில் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நான் மாலுமி இல்லை. முப்பது வருடம் நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். போர் முடிந்த இரண்டாம் வருடம் மனைவியோடு சிங்கப்பூரில் கப்பல் ஏறி, நான்கு இரவுகள் கடலில் சுற்றிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். மட்டக்களப்புக்குத் தெற்கே எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் அப்போது வேறு யாரும் அப்படிப் போகாததால் நான் நிபுணனாகிவிட்டேன். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு அலுமாரியிலிருந்து என் கடதாசிக் கோப்பை எடுத்து விரிப்பேன். கோப்பு இல்லாமல் என்னால் எதையும் கதைக்க முடியாது, அது உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்ட வியாதி.

கோப்பில் எல்லாம் இருக்கிறது. கப்பல் புறப்படும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்காதீர்கள், ஒரு நாள் முந்திப் போய்ப் படுத்து எழும்புங்கள். விமானம் பிந்தினால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று விசாரியுங்கள். கரைக்கு இறங்க மாட்டேன், அறையிலேயே படுத்துக் கிடப்பேன் என்றாலும் விசாரியுங்கள், எங்களுடைய கடவுச்சீட்டுக்குச் சும்மா கதவு திறக்கிற நாடுகள் குறைவு. அந்தக் கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பதியும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், சாப்பாட்டு மேசையில் போய் முகத்தைச் சுளிப்பதில் பிரயோசனம் இல்லை. பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேரப் பின்னேரம் ஆகும். அதனால் மருந்துக் குளிசைகளும் கடவுச்சீட்டும் ஒரு மாற்றுடுப்பும் கைப்பையில் இருக்கட்டும். மார்கழியில் போக வேண்டாம், கடல் கொந்தளிக்கும். நாங்கள் சித்திரையில் போனோம்.

மார்கழி வேண்டாம் என்று நாங்கள் சொன்னதற்கு வேறு காரணமும் இருந்தது. அதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு எழும்புகிறவர்களை மறித்து, கடைசியாக ஒன்று கேட்பேன். "அறையை ஆரு தெரிவு செஞ்ச? கூட வாற ஆக்களிட்டக் கேட்டீங்களா?" பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

கப்பல் என்ற யோசனை மகனுடையது. சுனாமிக்கு ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கிழக்கில் மறுபடியும் சண்டை மூண்டது. இளம் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க முடியாத காலம். அவனைக் கொழும்புக்கு அனுப்பினோம், அங்கிருந்து எப்படியோ சுவிற்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தான். அகதி என்று ஏற்றுக்கொண்டு நீல நிறத்தில் ஒரு பயணப் புத்தகம் கொடுத்தார்கள். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், பிறந்த நாட்டைத் தவிர என்று அதில் அச்சடித்திருந்தது. நாங்கள் அங்கே போக இரண்டு தரம் விசா கேட்டோம், இரண்டு தரமும் இல்லை என்றார்கள். ஐந்து வருடம் அவனைக் கணினித் திரையில்தான் பார்த்தோம். திரையில் அவன் சிரிக்கும்போது படம் அப்படியே உறைந்து நின்றுவிடும், என் மனைவி பயந்துபோய்த் திரையைத் தட்டுவாள்.

போர் முடிந்தும் அவனால் வர முடியவில்லை. மூன்றாவது நாடு ஒன்றில் சந்திப்போம் என்று முடிவானது. சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் நிற்கலாமே என்றேன்.

"ஹோட்டல்ல நிண்டா நீங்க சாமான் வாங்கக் கிளம்பிருவீங்க, எனக்கு வேலையிடத்தில இரிந்து போன் வரும், நாலு நாள் நாலு நிமிசமாப் போயிரும்" என்றான் மகன். "கப்பல்ல ஏறிற்றா ஆரும் ஆரையும் விட்டுட்டு எங்கயும் போக ஏலா அப்பா."

சரிதான் என்று பட்டது. ஆனால் கப்பல் என்றால் கடல். என் மனைவிக்கு அதை எப்படிச் சொல்வது?

அவள் கடற்கரைப் பிள்ளை. அவளுடைய அப்பா கரைவலை இழுத்தவர். நானோ கடலுக்கு உட்பக்கம் நீளமாகக் கிடக்கிற வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரன். எங்கள் பகுதியில் பெண்ணுக்குத்தான் வீடு, கல்யாணம் முடித்த ஆண் அந்த வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். அப்படித்தான் நான் கடலோரத்துக்கு வந்தேன். முதல் வருடம் அலைச் சத்தத்தில் எனக்கு நித்திரையே வரவில்லை, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கப்பல் அனுபவமெல்லாம் குருக்கள்மடம் துறையிலிருந்து வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகிற பாதைதான். பாதை என்பது நாங்கள் அந்த மிதவைக்குச் சொல்லும் பெயர். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நெல்மூட்டைகளும் ஏறுகிற பெரிய தட்டு. அதில் நான் எப்போதும் நட்டநடுவில்தான் நிற்பேன். நடுவில் நின்றால் ஆட்டம் குறைவு.

சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இல்லை. விடியற்காலையிலேயே பாதையில் கடந்து, வட்டையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். வட்டை என்று சொல்வது எங்கள் வயற்பரப்பை. முழங்கால் அளவு பயிருக்குள் நின்று வாய்க்கால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கடலோரத்தில் எல்லாம் நடந்து முடிந்தது. என் மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். மகன்தான் ஓடி வந்து அவளை இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் பாதி கட்டிக் கிடந்த ஒரு மாடி வீட்டின் கொங்கிறீற் தட்டில் ஏற்றினான். அடுத்த வீட்டில் இருந்த அவளுடைய தங்கச்சியும் வெளியே ஓடி வந்தவள்தான். அடையாள அட்டையும் காணி உறுதிப் பத்திரமும் உள்ளே கிடக்கு என்று திரும்பிப் போனாள். எடுக்கப் போனவள் வரவில்லை. நான் வந்து சேர்ந்தபோது பின்னேரம். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை, போகும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு என் மனைவி ஒரு பை வைத்திருந்தாள். கறுப்புத் துணிப்பை, கதவுக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் தொங்கும். இதில் புதினம் ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பை இருந்தது. தண்ணீர் வந்தாலும் ஷெல் வந்தாலும் சுற்றிவளைப்பு வந்தாலும் கையில் எடுத்துக்கொண்டு ஓட, பத்திரங்களெல்லாம் ஒரே இடத்தில். மற்ற வீடுகளில் காலப்போக்கில் பை அலுமாரிக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் அது ஆணியிலேயே தொங்கியது. நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

புது வீட்டை நான்தான் கட்டினேன், கடலை விட்டுத் தள்ளி, வாவிப் பக்கமாக. வாசல் மேற்கே வாவியைப் பார்க்கும். கிழக்குப் பக்கம், அதாவது கடல் பக்கம், ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. மேசன் காற்று வராதே சேர் என்று சொல்லிப் பார்த்தான். அவளுடைய கண்ணில் கடல் படக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். நல்ல புருஷன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்ட காலம் அது.

அதனால் கப்பல் விஷயத்தைச் சொல்ல ஒரு கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தேன். ஒரு காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளிடம் எப்படியோ சொல்லி முடித்தேன்.

"மகன் வாறானா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப போவம்."

துருவலை நிறுத்தாமலே அவள் இன்னொன்று கேட்டாள்.

"எத்தினையாம் மாடி?"

கப்பலில் மாடி என்று சொல்ல மாட்டார்கள், தட்டு என்பார்கள் என்று விளக்கத் தொடங்கினேன்.

"மேலயா, கீழயா? அதைச் சொல்லுங்க."

"மேலதான்" என்றேன். அந்த நேரத்தில் அறை பதியவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

மட்டக்களப்பு நகரத்தில் விமான டிக்கட் எடுத்துக் கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை, மாமிமாரெல்லாம் அவுஸ்திரேலியாவில். வருடத்துக்கொரு கப்பலில் ஏறி இறங்கும் அந்த மாமிமாரின் புண்ணியத்தில் அவளுக்குக் கப்பலின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்திருந்தது. கப்பலின் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். பல்கனி வைத்த அறைகள் எங்களுக்கு எட்டாத உயரம். மற்றவை இரண்டு. கீழே இரண்டாம் தட்டில், கப்பலின் நட்டநடுவில், ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்று. ஏழாம் தட்டில் ஜன்னல் உள்ள அறை ஒன்று.

"ஆனா சேர், இந்த ஜன்னலுக்கு முன்னால உயிர்காக்கிற படகு தொங்குது. கடல் பாதிதான் தெரியும். ஒருத்தரும் விரும்புறல்ல, அதால விலை குறைவு. கிட்டத்தட்ட உள்ளறை விலைதான்."

"காசும் குடுத்துப் படகுட முதுகைப் பாக்கவா?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டியிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்."

"அவளுக்கு இதுகள் என்ன தெரியும் பிள்ளை?" என்றேன்.

கரைவலைக்காரரின் மகளைப் பற்றி ஒரு வாய்க்கால் உத்தியோகத்தன் சொன்ன வார்த்தை அது. எழுதும்போது கூசுகிறது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் கமக்காரர்களைக் கூட்டி வைத்து, எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்று கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. ஒரு துண்டுக் காணிக்காரன் கை தூக்கி மறுத்தாலும் அவனையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் முடிவெடுப்போம். கேட்காமல் மதகைத் திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் வீட்டிலிருந்த ஒரேயொரு ஆளைக் கேட்காமல், இரண்டாம் தட்டு உள்ளறையைப் பதிந்தேன். காரணங்களை வரிசையாகக் கோப்பில் எழுதியும் வைத்தேன். நடுவில் ஆட்டம் குறைவு, கீழே ஆட்டம் இன்னும் குறைவு, ஜன்னல் இல்லாததால் அவள் கடலைப் பார்க்கத் தேவையில்லை. மூன்றாவது காரணத்துக்குக் கீழே கோடும் இழுத்திருந்தேன்.

மகனைச் சிங்கப்பூர் விமான நிலையத்தில் சந்தித்தோம். கொஞ்சம் பருத்திருந்தான். கிட்ட வந்து நின்றான். அவள் கட்டிப் பிடிப்பாள், ஓவென்று அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அவனுடைய சட்டைக் கழுத்தை நிமிர்த்திவிட்டாள். அதன் பிறகு அது சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் மறுபடியும் நிமிர்த்தினாள். எனக்குத்தான் அழுகை வந்தது. கடவுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் கப்பல் ஏறினோம். பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். கறுப்புப் பையை மட்டும் அவள் கொடுக்கவில்லை, இயந்திரத்துக்குள் விட்டு எடுக்கும்போதுகூட அதன் கூடவே நடந்தாள். உள்ளே போனால் கப்பல் என்றே தெரியாது. பளிங்குத் தரை, கம்பளம், பெரிய விளக்குகள், எங்கேயோ பியானோ. லிஃப்டில் ஏறினோம். ஐந்தாம் எண்ணிலிருந்து அது நாலு, மூன்று என்று கீழே இறங்கியது. அவள் அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

மூன்று கட்டில் போட்ட சின்ன அறை. ஒரு சுவரில் அழகான திரைச்சீலை தொங்கியது. அவள் நேரே போய் அதை விலக்கினாள். பின்னால் ஒரு கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி. அதில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அவள் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதுக்கு அங்கால என்ன?"

"வேற அறை" என்றேன்.

"அதுக்கு அங்கால?"

மகன்தான், "கடல், அம்மா" என்றான்.

"எவ்வளவு உயரத்துக்கு நிக்கிது?"

அவன் என்னைப் பார்த்தான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். களைப்பு, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். மாட்டிறைச்சி விஷயத்தை நேரில் ஒருதரம் சொல்லி வைக்க வேண்டும் என்று மகனை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்கு ஏறிப்போனேன்.

இங்கேதான் என் கோப்பில் அன்றைக்கு இல்லாத ஒரு விஷயம் வருகிறது. கப்பல் புறப்பட முன் ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். கப்பல் முழுக்க, அறைக்குள்ளேயும், காதைக் கிழிக்கிற சத்தத்தில் அடிக்கும். முன்கூட்டியே ஒலிபெருக்கியில் இங்கிலீஷிலும் சீனத்திலும் சொன்னார்கள், இது பயிற்சிதான், அவசரப்படாமல் ஆறுதலாகக் கூடுமிடத்துக்கு வாருங்கள் என்று. என் மனைவிக்கு இரண்டு பாஷையும் தெரியாது. நான் சொல்லி வைத்திருக்க வேண்டும். அறைக் கதவின் உட்புறத்தில் எழுதியிருந்ததை எனக்காக வாசித்தேன், அவளுக்குச் சொல்ல மறந்தேன்.

சைரன் அடித்ததும் மகன் சட்டென்று திரும்பினான். "அம்மா" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கி ஓடினான். மற்றப் பயணிகள் குளிர்பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசியபடி நடந்து வந்தார்கள். நான் விதிப்படி, ஐந்தாம் தட்டுக் கூடுமிடத்துக்குப் போய் நின்றேன். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். எங்கள் அறை எண்ணைக் கூப்பிட்டபோது நான் ஒருவன் மட்டும் கை தூக்கினேன்.

மகன் மூச்சு வாங்க வந்தான். "அம்மா அறையில இல்ல. பையும் இல்ல."

கப்பல்காரர்களிடம் சொல்லித் தேடச் சொல்வோம் என்றேன். அவன் தலையை ஆட்டினான். "தேடத் தேவல்ல அப்பா. அம்மா மேலதான் போயிரிப்பா."

அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு நின்றவன் அவன்.

லிஃப்டுகளை நிறுத்தியிருந்தார்கள். படியால் ஏறினோம். ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறி, நீச்சல் தடாகத்தையும் தாண்டி, புகைபோக்கிக்குப் பக்கத்தில், அதற்கு மேல் ஏற வழியில்லாத ஒரு தட்டில் அவள் இருந்தாள். செருப்பு இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையில் குந்தியிருந்து, கம்பிகளுக்கிடையால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கும் மேலாகக் கடலைப் பார்க்காதவள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷி. இரண்டாம் தட்டிலிருந்து அவ்வளவு படியும் ஏறியிருக்கிறாள், முழங்கால் வலிக்குக் குளிசை போடுகிறவள்.

"இது பயிற்சி" என்றேன். "ஒண்டும் நடக்கல்ல. சும்மா அடிச்சுப் பாக்கிறாங்க."

"நான் இறங்கப் போறன்" என்றாள்.

கப்பல் புறப்பட ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஏணிப்பாதையை எடுத்துவிட்டால் பிறகு இறங்க முடியாது. அவள் இறங்கினால் நாங்களும் இறங்க வேண்டும், மகனோடு இருக்கக் கிடைத்த நாலு நாளும் துறைமுக வாசலில் பெட்டி தேடுவதிலும் இடம் தேடுவதிலும் போகும். அடுத்த லீவு அவனுக்கு எப்போது கிடைக்குமோ. எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் முந்தி வரும்.

"உனக்காகத்தானே எல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்ச நான்! கடலை நீ பாக்க வேணாமெண்டுதானே ஜன்னல் இல்லாத அறை எடுத்த."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேட்டனா? கடலைப் பாக்க மாட்டன் எண்டு நான் எப்ப உங்களிட்டச் சொன்ன? அண்டைக்கு நான் குசினிக்க, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்ட. பாத்துக்கொண்டு நிண்டிருந்தா ஒரு சத்தம் வச்சிருப்பன். என்ட தங்கச்சி திரும்பிப் போயிருக்க மாட்டாள்." பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கண்ணுக்குத் தெரியிற கடலுக்கு எனக்குப் பயமில்ல. வீட்டையும் அப்பிடித்தான் கட்டி வச்சிரிக்கீங்க. சத்தம் மட்டும் கேக்குது, பாக்க ஒரு ஓட்டையில்ல. ஒவ்வொரு நாளும் காதைக் குடுத்துக்கொண்டு கிடக்கிறன்."

ஒரே வீட்டில், ஒரே பாயில், அத்தனை வருடம். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. "மேலதான் எண்டு சொன்னது பொய்" என்றேன். வேறு என்ன சொல்வது? "பிழை என்னில."

கீழே தடாகத்தில் யாரோ குதித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. மகன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"சரி அம்மா, அப்பா செஞ்சது பிழைதான். நீங்க செஞ்சது என்ன? சைரன் அடிக்கக்க நானும் இந்தக் கப்பல்லதானே நிண்ட. என்னைத் தேடாமப் பையைத் தூக்கிற்று ஓடிட்டீங்களே."

அவள் அவனை ஒரு விளங்காத பார்வை பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பையைப் பார்த்தாள்.

"அஞ்சு வருசமா நீ இதுக்கதானே மனே இருந்த" என்றாள்.

பையின் வாயைத் திறந்து அவனிடம் நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். காணி உறுதி இல்லை, என் ஓய்வூதியக் கடிதம் இல்லை, நகை இல்லை. எல்லாம் அவனுடையது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், வெள்ளைச் சட்டையில் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு ஒரு படம். ஒவ்வொன்றையும் பொலித்தீன் உறையில் இட்டு, தண்ணீர் புகாமல் மெழுகுதிரியில் உருக்கி ஒட்டியிருந்தாள். ஓட வேண்டி வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு ஓட.

மகன் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். அகதி முகாமிலும் அழாதவன் என்று பிறகு என்னிடம் சொன்னான். அவள் மறுபடியும் அவனுடைய சட்டைக் கழுத்தை நிமிர்த்தினாள்.

நான் படியிறங்கினேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் என் உடைந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். அவள் கணினியைத் தட்டிப் பார்த்து, கப்பல் நிறைந்துவிட்டது என்றாள். பிறகு தயங்கி, ஏழாம் தட்டில் ஒரு அறை மிச்சம் இருக்கிறது, ஆனால் ஜன்னலைப் படகு மறைக்கிறது என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். நான் உடனே எடுக்கவில்லை. "என் மனைவியைக் கேட்க வேண்டும்" என்றேன். கல்யாணம் முடித்து இருபத்தெட்டு வருடத்தில் அந்த வசனத்தை ஒரு அலுவலக மேசைக்கு முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். ஜன்னலின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய செம்மஞ்சள் படகு தொங்கியது. படகுக்குக் கீழே ஒரு முழம் கடல் தெரிந்தது, மேலே ஒரு முழம் வானம். அவள் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டி வைத்து, படகைத் தாங்கும் கம்பியையும் கொக்கியையும் அதன் அடிப்பாகத்தையும் ஆறுதலாகப் பார்த்தாள். தகப்பனின் தோணியை அப்படித்தான் பார்த்திருப்பாள். பக்கவாட்டில் எழுதியிருந்ததைக் காட்டி, "அதில என்ன கிடக்கு?" என்று மகனிடம் கேட்டாள்.

"நூற்றைம்பது பேர் ஏறலாம் எண்டு போட்டிரிக்கி."

"கயிறு நல்ல கயிறு" என்றாள். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "இந்த அறை எனக்குக் காணும்."

கப்பல் புறப்பட்டது. நான் கீழே போய் எங்கள் உடுப்புகளை எடுத்து வந்தேன். அந்த நாலு நாளில் பினாங்கில் இறங்கினோம், கிள்ளான் துறையில் வெயிலுக்குப் பயந்து இறங்கவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது அவையல்ல. மகனை ஜன்னலடியில் இருத்தி வைத்து, தண்ணீரின் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது, பறவை எந்த இடத்தில் தாழ்கிறது, அங்கே என்ன மீன் நிற்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அவளுக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து நான் செய்த முதல் வேலை மேசனைக் கூப்பிட்டது. கிழக்குச் சுவரில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்று அவளே கரிக்கட்டியால் கோடு இழுத்துக் கொடுத்தாள்.

ஆகவே வருகிறவர்களுக்குச் சொல்வேன். படகு மறைக்கிற அறையைச் சும்மா தள்ளிவிடாதீர்கள், கூட வருகிற ஆளைக் கேளுங்கள். பயிற்சிச் சைரனைப் பற்றி வயதானவர்களுக்கு, அதிலும் எங்கள் ஊர் ஆட்களுக்கு, வீட்டிலேயே சொல்லி வையுங்கள். சொல்லி வைத்தாலும் போதாது, அந்த நேரம் பக்கத்தில் நில்லுங்கள்.

கப்பலில் மூன்றாம் நாள் அந்தச் சைரன் மறுபடியும் அடித்தது. கப்பல் ஊழியர்களுக்கு மட்டுமான பயிற்சியாம், பயணிகள் கவலைப்பட வேண்டாம் என்று ஒலிபெருக்கி சொன்னதை மகன் சொல்லி முடிப்பதற்குள் ஊதல் தொடங்கிவிட்டது. நாங்கள் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். பை ஏழாம் தட்டு அறையில், கட்டிலில் கிடந்தது. நான் எழும்பி அவளை மறிக்கத் தயாரானேன்.

அவள் எழும்பவில்லை. கதவுப் பக்கம் பார்க்கவுமில்லை. கை மட்டும் மேசைக்கு மேலால் போய் மகனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தது. ஏழு சின்ன ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் முடிந்தன. பிடி விடவில்லை. அவளுடைய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"சோறு ஆறுது, தின்னு மனே" என்றாள்.

அவன் தன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கரண்டியை இடது கைக்கு மாற்றிச் சாப்பிடத் தொடங்கினான். சின்ன வயதில் இடது கையால் ஒரு பருக்கை எடுத்தாலும் கையில் அடிக்கிறவள் அவள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.